பெயரை மாற்றினால் சட்டம் வாலாட்டுமா?

சென்ற இதழில் வந்த நாய்த் தடைக் கட்டுரையில் சொன்னபடி யாராவது நடந்துகொள்வதற்குள் இது அச்சேற வேண்டுமே என்ற அவசரத்தில் எழுதுகிறேன். சென்னையில் பிட்புல்லும் ராட்வீலரும் வைத்திருப்பவர்களுக்குச் சட்ட வழி காட்டுவதாகத்தான் அந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. முடிவதற்குள், ஒழுங்காக நாய் வளர்த்துவந்த ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னென்ன செய்யவேண்டுமோ அத்தனையையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. போலீஸ்காரரோ மாநகராட்சி வழக்கறிஞரோ இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க மாட்டார்கள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில் வழக்கறிஞர். வீட்டில் உரிமத்தோடு ஒரு ராட்வீலர் இருக்கிறது. இனத்தின் பெயரைப் பார்த்துத் தடை போடுவது மோசமான சட்டம் என்பதுதான் என் கருத்தும். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வளர்ப்பது, காசுக்காகக் கண்டபடி குட்டி போடவைப்பது, பழக்கத் தெரியாதவர் கையில் செயினைக் கொடுப்பது எல்லாம் சேர்ந்துதான் கடிக்கும் நாயை உருவாக்குகின்றன. இதையெல்லாம் கண்காணிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். தடை போட ஒரு தீர்மானம் போதும். ஆக கட்டுரையாளரும் நானும் ஒரே கட்சிதான், அதனால்தான் எரிச்சல் கூடுதல். எதிர்த்தரப்பு தப்பாக வாதாடினால் நமக்கு லாபம், நம் தரப்பு தப்பாக வாதாடினால் நாய் போய்விடும்.

கட்டுரையாளர் பிரம்மாஸ்திரமாக நினைப்பது கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பை. இனத் தடையே செல்லாது என்று ஓர் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், ஆகவே மாநகராட்சி என்ன தீர்மானம் போட்டாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமாம். தீர்ப்பைப் படித்தவர் எழுதுகிற வாக்கியம் இல்லை இது. தலைப்புச் செய்தியைப் படித்தவர் எழுதுவது.

நடந்தது இதுதான். 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மனுவை முடித்துவைத்து, ஆபத்தான நாய் இனங்கள் பற்றி 3 மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி மத்திய அரசிடம் விட்டது. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யக் கூடாது, குட்டி போடவைக்கக் கூடாது, விற்கக் கூடாது, வளர்க்க உரிமம் தரக் கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது அது. அந்தப் பட்டியலை ஒருமுறை வாசிக்க வேண்டும். ‘டோசா இனு’ என்று ஓரிடத்தில் வருகிறது. கொஞ்சம் தள்ளி ‘ஜப்பானிய டோசா’ என்று வருகிறது. இரண்டும் ஒரே நாய். பிட்புல் டெரியரையும் அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியரையும் பெயர் சொல்லித் தடை செய்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ‘டெரியர்கள்’ என மொத்தமாக ஒரு வரி. அப்படிப் பார்த்தால் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிற, மூன்று கிலோ எடைகூடத் தேறாத யார்க்‌ஷயர் டெரியரும் தேசத்துக்கு ஆபத்து. எழுதியவர் நாயைப் பார்த்து எழுதவில்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரியும்.

இந்தச் சுற்றறிக்கையைத்தான் 2024 ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். நாகபிரசன்னா ரத்து செய்தார். ஏன் ரத்து செய்தார் என்பதில்தான் கட்டுரையாளர் கவிழ்கிறார். சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, பரிந்துரை செய்த குழு முறைப்படி அமைந்த குழு இல்லை, விதிகளில் இல்லாத தடையைச் சுற்றறிக்கை வழியாகப் புகுத்த முடியாது — தீர்ப்பின் எலும்பும் சதையும் இவைதான். பிட்புல் சாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. எந்த அரசும் எந்த நாயையும் தடை செய்யவே முடியாது என்றும் சொல்லவில்லை. முறையாகக் கேட்டு, முறையாகச் செய்வதற்குக் கதவைத் திறந்தே வைத்தது. ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே அந்தச் சுற்றறிக்கையை விட்டுவிட்டு ஆட்சேபங்களைக் கேட்டு முடிவெடுப்பதாகச் சொல்ல, அங்கேயும் அது போயிற்று. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ராட்வீலர்கள் ஒரு குழந்தையைக் குதறிய சம்பவம் நடந்த சூட்டில் தமிழகக் கால்நடைத் துறை அதே 23 இனங்களை வைத்து ஓர் அறிவிப்பு வெளியிட்டு, வந்த வேகத்தில் திரும்பப் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆக மத்திய அரசின் சுற்றறிக்கை செத்தது உண்மை. ஆனால் 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றியது அந்தச் சுற்றறிக்கையை இல்லை. ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்துபோன பிறகு, மாநகராட்சி தன்னுடைய சொந்த உரிமம் வழங்கும் அதிகாரத்தைக் காட்டிப் போட்ட தீர்மானம் அது. பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது. ஏற்கெனவே உரிமம் பெற்று வைத்திருப்பவர்கள் கழுத்தில் பட்டையும் வாயில் கவசமும் இல்லாமல் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். இந்தத் தீர்மானத்தை எந்தக் கர்நாடகத் தீர்ப்பும் தொட்டதில்லை, பிறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்னாலேயே தொட்டிருக்கவும் முடியாது. தெருவில் நிறுத்தி உரிமம் கேட்கிற சுகாதார ஆய்வாளரிடம் பெங்களூர் தீர்ப்பின் நகலை நீட்டச் சொல்கிறார் கட்டுரையாளர். நீட்டிப் பாருங்கள். அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

அடுத்த யோசனைதான் கட்டுரையிலேயே ஆபத்தானது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது இனம் என்ற கட்டத்தில் ‘லேப்ரடார் கிராஸ்’ என்று எழுதிவிட வேண்டுமாம். யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று பார்ப்போம். நாய் குட்டியாக வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அவர் கொடுத்த தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில், நாயின் பெயருக்குக் கீழே, அவர் கையெழுத்திலேயே ‘ராட்வீலர், ஆண், கறுப்பு–பழுப்பு’ என்று இருக்கும். ஒவ்வொரு வருடமும் வெறிநாய்த் தடுப்பூசியின் ஸ்டிக்கரை அதே அட்டையில்தான் ஒட்டியிருப்பார். உரிம விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணமும் அதே அட்டைதான். கெனல் கிளப் சான்றிதழோடு வாங்கிய குட்டி என்றால் தாய், தகப்பன், பாட்டன் வரை அச்சில் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு மைக்ரோசிப் போட்டிருப்பீர்கள். ஸ்கேனரை வைத்தால் வருகிற 15 இலக்க எண், போட்ட இடத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லும். இதெல்லாம் போக, குட்டி வந்த நாளிலிருந்து ‘எங்க வீட்டு ராட்டி’ என்று நீங்களே போட்ட இன்ஸ்டாகிராம் ரீல்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் இங்கே பூசணிக்காய் குரைக்கவும் செய்யும்.

அரசு ஊழியர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்யவைப்பதற்காக, பொய் என்று தெரிந்தே அவருக்குத் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவில் வருகிறது. ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவரை வாய்க்கவசம் போடாத வழக்கு மட்டும் இருந்தவர் மேல் இப்போது பொய்த் தகவல் வழக்கும் சேரும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு, அதைக் கட்டுரையாளர் நினைத்தே பார்க்கவில்லை. ரிட் மனு உரிமையாகக் கேட்டு வாங்குகிற பண்டம் இல்லை, நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தருகிற நிவாரணம். மனுதாரர் உண்மையை மறைத்தவர் என்று தெரிந்துவிட்டால், தடை செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குப் போகாமலே தள்ளுபடி செய்துவிடுவார்கள். லேப்ரடார் என்று எழுதிக் கொடுத்தவர், ராட்வீலர் தடை தன்னைப் பாதிக்கிறது என்று எந்த முகத்தோடு மனுவில் கையெழுத்துப் போடுவார்? தன் நாய்க்கு இந்தத் தடை பொருந்தாது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாரே.

இங்கிலாந்தில் இந்தத் தந்திரத்தை எப்போதோ அடைத்துவிட்டார்கள். 1991-ஆம் ஆண்டின் அபாயகர நாய்கள் சட்டம் இனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, ‘வகை’யைப் பார்க்கிறது. தாய் தகப்பன் யார் என்பது பொருட்டில்லை; உருவம் பொருந்தினால் அது தடை செய்யப்பட்ட வகை. வழக்கில் அரசுத் தரப்பு ஒரு நாயைத் தடை செய்யப்பட்ட வகை என்று சொல்லிவிட்டால், இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. 2023 இறுதியில் எக்ஸ்எல் புல்லி நாய்களைச் சேர்த்தபோது அளவையே அறிவித்தார்கள்: தரையிலிருந்து தோள் உச்சி வரை ஆண் நாய் 20 அங்குலம், பெண் நாய் 19 அங்குலம், அதற்கு மேல் என்றால் மற்ற அடையாளங்களையும் பார். நாடாவைப் பிடித்து அளப்பவரிடம் ‘சார், இது கிராஸ்’ என்று சொல்லி என்ன பயன்? 2024 ஜனவரி 31-க்குள் 92.40 பவுண்டு கட்டி விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர்கள், கருத்தடை, சிப், காப்பீடு, வாய்க்கவசம் என்ற நிபந்தனைகளோடு நாயை வைத்துக்கொண்டார்கள். மறைத்து வைத்தவர்களுக்குப் பிப்ரவரி 1 முதல் நாயை வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது.

இந்த நாட்டிலும் தடைகள் பெரும்பாலும் இதே அச்சில்தான் வந்திருக்கின்றன. 2022-ல் காசியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றையும் தடை செய்தபோதும், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கருத்தடை செய்துகொள்ள 2 மாத அவகாசம் கொடுத்தது. ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு ஒரு விலக்கு, அந்த விலக்குக்கு ஒரு காகிதம். நாய் உரிமையாளருக்குக் கிடைக்கிற முதல் சட்ட வழியே அந்தக் காகிதம்தான். கட்டுரையாளரோ பதிவு செய்யவே செய்யாதீர்கள், பதிவு செய்தால் பட்டியலில் சிக்குவீர்கள், பட்டியலை வைத்து முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வண்டி வரும் என்று பயமுறுத்துகிறார். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அரசிடம் இருக்கும் பட்டியல் எந்த நாள் எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தீர்மானத்துக்கு முன் தேதியிட்ட உரிமம் இருந்தால்தான் ‘எனக்கு விலக்கு உண்டு’ என்று சொல்ல முடியும். உரிமம் இல்லாத ராட்வீலர், சட்டத்தின் பார்வையில், தடைக்குப் பிறகு வந்த ராட்வீலர். அது எட்டு வயசுக் கிழம் என்பதைக் குரைத்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

பிறகு நாகராஜா தீர்ப்பு. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். 2014-ல் உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது என்று சொன்னதாம், ஆகவே நாயின் அடிப்படை உரிமையில் மாநகராட்சி கைவைக்க முடியாதாம். ஐயா, அது ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பு. அதை எதிர்த்துத்தான் 2017 ஜனவரியில் மெரினாவில் கூடினோம், தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபோது பட்டாசு வெடித்த ஊர் இது. அதே தீர்ப்பில், நம் அரசியலமைப்பு விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்கியதற்கு முன்னுதாரணம் இல்லை என்றும், அந்தப் பாதுகாப்புக்குள் காளையைக் கொண்டுவரத் தாங்கள் தயாராக இல்லை என்றும் அந்த அமர்வு சொல்லிவிட்டது. காளைக்குக் கிடைக்காதது ராட்வீலருக்கு எப்படிக் கிடைக்கும்? 2014-ஐப் படித்துவிட்டு 2023-ஐப் படிக்காமல் விட்டவர் தமிழ்நாட்டில் அநேகமாக இவர் ஒருவர்தான் இருப்பார்.

விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் இழுத்து வந்திருக்கிறார். அது குடியிருப்போர் சங்கங்களுக்கானது. அடுக்குமாடிச் செயலாளர் ‘லிஃப்ட்டில் நாய் ஏறக் கூடாது’, ‘பெரிய நாய் வைத்திருப்பவர் காலி செய்யணும்’ என்று நோட்டீஸ் ஒட்டினால், பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் அப்படித் தடை போட முடியாது என்று காட்ட அது நல்ல ஆயுதம். அதைக் கொண்டுபோய் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் நீட்டினால் வேலைக்கு ஆகாது. தெருநாய்க் கருத்தடை விதிகளையும் இதே சட்டியில் போட்டுக் கிளறியிருக்கிறார், அதற்குப் பதில் சொல்லிப் பக்கத்தை வீணாக்க விரும்பவில்லை. இணையத்தில் காசு கட்டி ‘உணர்வுத் துணை நாய்’ சான்றிதழ் வாங்கிவிடலாம் என்ற யோசனை அமெரிக்கப் பக்கங்களிலிருந்து இறக்குமதி. அங்கேயே ஊனமுற்றோருக்கான சட்டம் பயிற்சி பெற்ற சேவை நாய்க்குத்தான் இனத் தடையிலிருந்து பாதுகாப்பு தருகிறது, மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லி வைத்துக்கொள்ளும் நாய்க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இந்த ஊரில் அந்தக் காகிதத்தில் சுண்டல் கட்டலாம்.

சரி, பின்னே என்னதான் வழி என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, கட்டுரையாளர் தேடிய இடத்தில் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாநகராட்சிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதன் கீழ் 2023-ல் வந்த விதிகள் — இவை மாநகராட்சிக்கு எவ்வளவு தூரம் போக அதிகாரம் தருகின்றன? உரிமம் கேட்கலாம், நிபந்தனை போடலாம், தொல்லை தரும் தனி ஒரு நாய் மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஓர் இனத்துக்கே கதவைச் சாத்துவதும், 1 லட்சம் ரூபாய் அபராதம் விதிப்பதும் அந்த அதிகாரத்துக்குள் அடங்குமா? மன்றத் தீர்மானம் ஒன்று அதற்குப் போதுமா, அல்லது விதிகளைத் திருத்தி, வரைவு வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டிருக்க வேண்டுமா? கர்நாடகத் தீர்ப்பு உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். கேட்காமல் செய்தது செல்லாது என்ற அதன் தர்க்கத்தை இங்கே பொருத்திக் காட்டலாம். கேடயமாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னவர், அதை வாதமாகப் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரண்டாவது, வரையறை. பிட்புல் என்றால் எது? பார்வைக்கு அப்படி இருப்பதா, சான்றிதழில் அப்படி எழுதியிருப்பதா? கலப்பு நாய் எந்தப் பக்கம்? யார் தீர்மானிப்பது, சுகாதார ஆய்வாளரா, கால்நடை மருத்துவரா? அவர் தீர்மானித்தது தப்பு என்றால் எங்கே மேல்முறையீடு? தன் நாய் தடைக்குள் வருமா வராதா என்று சராசரி மனிதருக்குத் தெரியாத நிலையில் 1 லட்சம் அபராதம் என்பது நீதிமன்றத்தில் தைக்கக்கூடிய வாதம். மூன்றாவது, நாயைப் பறிமுதல் செய்தால் நோட்டீஸ் கொடுத்தார்களா, உரிமையாளர் தரப்பைக் கேட்டார்களா என்பது. சட்டத்தின் கண்ணில் நாய் சொத்து. சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு. நம் நாயைச் சொத்து என்று சொல்வது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் அந்தக் கசப்பை விழுங்கிவிட வேண்டும்.

நடைமுறை என்றால் கட்டுரையாளருக்கு இளக்காரம், ‘வெறும் டெக்னிக்கல் விஷயங்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார். லண்டனில் டெம்ப்ஸி என்று ஒரு பிட்புல் இருந்தது. 1992-ல் அதை வெளியே கூட்டிப்போனவர்கள், அதற்கு உடம்பு முடியவில்லை என்று வாய்க்கவசத்தைக் கழற்றிய நேரத்தில் போலீஸ் பார்த்துவிட்டது. யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் கொல்லச் சொல்லி உத்தரவு. அன்றைய சட்டத்தில் நீதிமன்றத்துக்கு வேறு வழியே கிடையாது. மூன்று வருடம் மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போய், 1995-ல் அந்த நாய் உயிர் தப்பியது. அதன் குணத்தைப் பார்த்தோ, அதன் உரிமையைப் பார்த்தோ விடவில்லை. முதல் விசாரணைத் தேதியை உரிமையாளருக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்ற ஒரே காரணம்தான். 1997-ல் சட்டத்தையே திருத்தி, ஆபத்தில்லாத நாயை விட்டுவைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். டெம்ப்ஸி பிழைத்தது அதற்கு முன்பே, அந்த வெறும் டெக்னிக்கல் விஷயத்தால்.

எதில் தோற்போம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இனத்துக்கும் கடிக்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவின்படி இது பாரபட்சம் என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் கைகொடுக்காது. எந்த வகைப்பாட்டுக்கும் ஒரு நியாயமான அடிப்படை இருக்கிறதா, நோக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பெரிய தாடை, பெரிய காயம், ஒரு மரணம் என்று அரசு மூன்று வரி எழுதினால் அது தேறிவிடும். அமெரிக்காவில் டென்வர் நகரின் பிட்புல் தடையை 1991-லும், ஒஹையோவின் டொலிடோ நகரச் சட்டத்தை 2007-லும் அந்தந்த மாநில உச்ச நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. டென்வர் தன் தடையைத் தளர்த்தியது 2020-ல், அதுவும் நீதிபதியால் இல்லை, வாக்குச்சீட்டால். கட்டுரையாளர் உற்சாகமாகக் கேட்கிறார்: கோம்பை கடிக்காதா, ராஜபாளையம் கடிக்காதா, அவற்றை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? நல்ல கேள்வி. மாநகராட்சி வழக்கறிஞர் எழுந்து, ‘சேர்த்துவிடுகிறோம், மை லார்ட்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வார்? அவர் வாதத்தால் ராட்வீலருக்கு விடுதலை வராது, ராஜபாளையத்துக்கும் பூட்டு வரும்.

இதையெல்லாம்கூட அறியாமை என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆயிரம் விளக்கு சம்பவத்தை ‘ஊடகங்கள் ஊதியது’ என்று அவர் எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. 2024 மே மாதம், மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. செயின் இல்லை, வாய்க்கவசம் இல்லை. அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இதில் ஊதுவதற்கு என்ன இருக்கிறது? தடையை எதிர்ப்பவர்கள் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசாமல் நகர்ந்தால், நீதிபதி நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பது இருக்கட்டும், நாமே நம்மைப் பற்றி என்ன நினைப்போம்?

நாய் கடித்தால் உரிமையாளர் பொறுப்பு என்பது இனத் தடை வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் சட்டம். விலங்கை அலட்சியமாக வைத்திருந்தால் நியாய சன்ஹிதா 291: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். கொடுங்காயம் பட்டால் 125-ல் மூன்று ஆண்டு வரை. உயிர் போனால் 106-ல் ஐந்து ஆண்டு வரை. இழப்பீட்டு வழக்கு தனி. 2022-ல் குருகிராமில் நாய் கடித்த ஒரு பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது நுகர்வோர் ஆணையம். வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்கிறார் கட்டுரையாளர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரராக இருந்தால் அந்தப் பலகையையே போட்டோ எடுத்து, நாய் கடிக்கும் என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சியாக வைப்பார்.

வாய்க்கவசத்தை அவர் சித்திரவதை என்கிறார். எந்தக் கவசத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று ஊகிக்க முடிகிறது. கடைகளில் தொங்குகிற, மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டும் நைலான் பட்டையைத்தான் பலரும் வாங்குகிறார்கள். அதைப் போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது. நாய் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வதே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான். சென்னை மே மாதத்தில் அந்தப் பட்டை நிச்சயம் சித்திரவதைதான். அதற்குப் பதில் கூடை வடிவத்தில் கம்பியிலோ ரப்பரிலோ வருகிறதே, அதில் நாய் வாயை நன்றாகத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இடைவெளி வழியாக பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ளும். கடிக்க மட்டும் முடியாது. கூடைக்குள் ஒரு துண்டு கோழி ஈரலை வைத்து, நாயே மூக்கை நுழைக்கும்படி சில வாரம் பழக்கினால், செயினை எடுத்தாலே அது கூடையைத் தேடும். எங்கள் வீட்டு நாய் அப்படித்தான். இந்த ஒரு பொருளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாலே அந்தக் கட்டுரையால் யாருக்காவது பிரயோஜனம் இருந்திருக்கும்.

கடைசி யோசனைக்கு வருகிறேன். எதுவும் பலிக்கவில்லை என்றால் நாயை ஊருக்கு வெளியே யாராவது தெரிந்தவரின் பண்ணை வீட்டில் விட்டுவிடலாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடத்துக்கா பஞ்சம் என்கிறார். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவீர்கள். பிறகு மழை, பிறகு வேலை. பண்ணை வாட்ச்மேனுக்கு அந்த நாயைக் கண்டால் பயம். அவிழ்த்துவிட மாட்டார், தட்டைக் கழியால் தள்ளி வைப்பார். வீட்டில் சோபாவில் படுத்த நாய், நாலு மாதத்தில் நாலடிச் சங்கிலியில், ஆளைக் கண்டால் பாய்கிற நாயாகிவிடும். அது என்றைக்காவது அறுத்துக்கொண்டு போய் ஒருவரைக் கடித்தால், சிப்பை ஸ்கேன் செய்யும்போது வருவது பண்ணைக்காரர் பெயர் இல்லை, உங்கள் பெயர். பட்டினி கிடக்க நேரும் என்று தெரிந்தும் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் கீழ் குற்றமும்கூட. முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கட்டுரையாளர் தன் ஆலோசனைகளில் இதை மட்டும்தான் செலவில்லாத வழி என்று குறிப்பிட்டிருந்தார். அந்தக் கணக்கு மட்டும் சரி.